அந்தப் படத்தில் இல்லாதது

வெளிர்மஞ்சள் நிறத்தில் ஒரு சார்ட் பேப்பர். மேலே ஒரு ஆணும் ஒரு பெண்ணும். கீழே இரண்டு ஆண்பிள்ளைகள், இரண்டு பெண்பிள்ளைகள். எல்லோரையும் ஸ்கெட்ச் பேனாவால் நானே வரைந்து, ஒவ்வொருவர் நெஞ்சிலும் சாட்டின் ரிப்பன் துண்டுகளைப் பசை தடவி ஒட்டியிருந்தேன். பெண்களுக்கு இரண்டு ரிப்பன், ஆண்களுக்கு ஒன்று. மேலே நின்ற பெண்ணின் இரண்டு ரிப்பன்களில் ஒன்றின்மேல் மட்டும் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு. கீழே ஒரு மகனுடைய ரிப்பனிலும் ஒரு மகளுடைய ரிப்பனிலும் அதே பொட்டு. மேலே நின்ற ஆணின் ரிப்பனில் எதுவும் இல்லை. என் பன்னிரண்டாவது வயதில், நெய்யாறு அணைக்கட்டின் கரையில் நடந்த கோடை முகாமில் நான் செய்த படம் அது. அதற்குப் பரிசு கிடைத்தது. என் அம்மாவை அவள் வாழ்ந்த வீட்டிலிருந்து இறக்கிவிட்டதும் அதுதான்.

என் தம்பிக்கு ரத்தம் உறையாத நோய். ஹீமோபிலியா என்ற பெயரை நான் பள்ளிக்கூடத்தில் பெருக்கல் வாய்ப்பாடு படிப்பதற்கு முன்பே பிழையில்லாமல் சொல்லுவேன். தவழ்கிற வயதில் அவன் முழங்காலில் நீலம் பாரிக்கும். நடக்கத் தொடங்கியபின் விழவே வேண்டாம், ஒரு கட்டில்காலில் இடித்தால் போதும், மூட்டுக்குள் ரத்தம் கசிந்து கால் பூசணிக்காய்போல வீங்கிவிடும். ஃபாக்டர் என்று ஒரு மருந்து உண்டு, உறையவைக்கும் பொருள் அது. அதை நரம்பில் ஏற்றத் திருவனந்தபுரத்துப் பெரிய ஆசுபத்திரிக்குப் போகவேண்டும். போய்ச் சேரும்வரை ஐஸ் வைக்கவேண்டும். எங்கள் வீட்டில் அப்போது ஃபிரிட்ஜ் கிடையாது. காலையில் ஸ்கூட்டரில் மீன் கொண்டுவருகிற அண்ணனிடம் சொல்லிவைத்து அம்மா ஐஸ் வாங்குவாள், சாக்கில் போட்டு அம்மிக்குழவியால் உடைப்பாள், துவர்த்துத் துண்டில் சுற்றி அவன் முட்டில் வைப்பாள். வலியில் அலறிக்கொண்டிருக்கும்போதும் தம்பி “மீன் நாறுது, மீன் நாறுது” என்று மூக்கைப் பொத்துவான். அம்மாவுக்குச் சிரிப்பு வரும். அவள் காஞ்சிரங்குளம் பக்கத்துக் கடற்கரைக் குடும்பத்துப் பெண். “எலே, எனக்க அப்பனுக்க மணமாக்கும் அது. சும்மா கிட” என்பாள்.

அந்தக் கடற்கரைதான் எங்கள் வீட்டில் அவளுக்குக் குறையாக இருந்தது. அப்பா வீடு பாறசாலைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி. பழைய புராட்டஸ்டண்ட் மிஷன் சபையைச் சேர்ந்த குடும்பம். வாசற்படியில் நின்றாலே ஜெபப் புத்தகத்தின் வாசனை வரும். அப்பா பஸ் கண்டக்டர். அவர் போன தடத்தில் தினமும் ஏறிய கத்தோலிக்கப் பெண்ணைப் பார்த்து, பிடித்துப்போய்க் கட்டிக்கொண்டார். அதற்கு அவருடைய அக்கா, எங்கள் பெரிய அத்தை, இரண்டு வருடம் வீட்டுக்குள் விடவில்லை. நான் பிறந்தபின் விட்டார்கள். அத்தை கல்யாணம் செய்துகொள்ளாதவர், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை, வீட்டில் கடைசி வார்த்தை அவருடையது. ஆனால் ஒன்று சொல்லவேண்டும். தம்பிக்கு நோய் என்று தெரிந்தபின் அத்தை அம்மாவிடம் மெதுவாக இளகிவந்தார். வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருந்தார். “நம்ம வீட்டுல யாரு செய்த பாவமோ பிள்ளே” என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுததை நான் பார்த்திருக்கிறேன். நம்ம வீட்டில், என்றுதான் சொன்னார். முகாமுக்கு முந்திய அந்தச் சில வருடங்கள் அம்மா அந்த வீட்டின் ஆளாக இருந்தாள்.

முகாமுக்கு அழைத்தது ஆசுபத்திரியில் பழக்கமான பெற்றோர் கூட்டம் ஒன்று. மே மாத விடுமுறையில் மூன்று நாள், கள்ளிக்காட்டைத் தாண்டி அணைக்கட்டு நீரைப் பார்த்தபடி இருந்த ஒரு தியான இல்லத்தில். நோயுள்ள பிள்ளையோடு குடும்பம் முழுவதும் வரலாம் என்றார்கள். அப்பாவுக்கு டியூட்டி. அத்தை வரமாட்டார். அம்மாவும் தம்பியும் நானும் போனோம்.

அந்த மூன்று நாளைப் பற்றி என் தம்பியிடம் கேட்டால் வேறு கதை சொல்லுவான். அவனுக்கு அதுபோல ஒரு இடம் பூமியில் கிடையாது. அதுவரை அவன் தன்னைப்போல இன்னொரு பையனைப் பார்த்ததில்லை. போய் இறங்கிய பத்து நிமிடத்தில் ஏழெட்டுப் பையன்கள் டவுசரைத் தூக்கி முட்டுகளைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். “நினக்கு வலதோ இடதோ?” என்று ஒருவன் மலையாளத்தில் கேட்டான். “ரெண்டும்” என்று தம்பி சொன்னபோது அவன் குரலில் இருந்த பெருமையை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. காலையில் எல்லோருக்கும் வரிசையாக மருந்து ஏற்றி, பின்னால் இருந்த சிறிய குளத்தில் இறக்கிவிட்டார்கள். டாக்டர்மார் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒன்பது வயதுவரை ஓடாதே, குதிக்காதே, மரத்தைத் தொடாதே என்று வளர்ந்தவன் தண்ணீரில் கையைக் காலை அடித்துக் கத்தியதைக் கண்டு அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். இரண்டாம் நாள், மீசை அரும்பத் தொடங்கிய ஒரு பையன் அவனுக்கு ஊசி போடக் கற்றுக்கொடுத்தான். ரப்பர்க் குழாயைப் பல்லால் இழுத்துக் கையில் கட்டுவது, நரம்பைத் தட்டி எழுப்புவது, பட்டாம்பூச்சிபோல இறக்கை வைத்த ஊசியைச் சரித்துச் செலுத்துவது. மூன்றாம் நாள் காலையில் தம்பி தன் கையில் தானே குத்தினான். குழாயில் ரத்தம் திரும்பி ஏறியது. சரியான நரம்பு. நர்சம்மா கைதட்ட, கூடம் முழுவதும் கைதட்டியது. கழுத்தில் ஒரு பதக்கம் மாட்டினார்கள்.

நானும் கைதட்டினேன். என் கை வலித்தது. இதை மறைத்து எழுதினால் மிச்சம் எழுதுவதற்கு அர்த்தமில்லை. தம்பி பிறந்த நாள்முதல் வீட்டில் பேச்சு அவன் முட்டு, அவன் பல், அவன் காய்ச்சல். நான் வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கிவந்த அன்றெல்லாம் எப்படியோ அவனுக்கு ரத்தம் கசியும். முகாமிலும் அதுதான் நடக்கிறதென்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது, உடன்பிறந்தவர்களுக்கென்று தனியாக ஒரு வகுப்பு உண்டு என்றார்கள். சமையற்கட்டுக்குப் பக்கத்து அறையில் பதினொரு பேர் உட்கார்ந்தோம். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஒரு சேச்சி வந்தாள். எங்கள் பெயரைக் கேட்டாள், என்ன பிடிக்கும் என்று கேட்டாள். பிறகு ரிப்பனும் பொட்டும் எடுத்தாள். நோய் குடும்பத்தில் எப்படி வருகிறது என்று நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டுமாம். அம்மாவிடம் இரண்டு ரிப்பன் உண்டு, ஒன்றில் பொட்டு இருக்கிறது. அப்பாவிடம் இந்த ரிப்பன் ஒன்றே உண்டு, அதை அவர் மகளுக்குக் கொடுப்பார், மகனுக்குக் கொடுக்கவே மாட்டார். மகனுக்கு வருவது அம்மாவின் ரிப்பன். அதில் பொட்டு விழுந்தால் நோய். மகளுக்குப் பொட்டு வந்தால் நோயில்லை, ஆனால் அவள் அதைச் சுமப்பாள். யார் இதை நன்றாகப் படமாக்கி எல்லோருக்கும் புரியும்படி சொல்கிறார்களோ அவர்களுக்குப் பரிசு என்றாள். நான் படமாக்கினேன். இரண்டு மகள்களில் பொட்டு இல்லாதவளை நான் என்று வைத்துக்கொண்டேன். முடிவு விழாவில் மைக்கின் முன் நின்று மலையாளத்தில் சொன்னேன். இருபத்துநான்கு நிறம் உள்ள ஸ்கெட்ச் பேனாப் பெட்டி தந்தார்கள். அம்மாமார் கைதட்டினார்கள், சிலர் மட்டும். என் அம்மா கைதட்டினாளா என்று பார்க்க வரிசையில் தேடினேன். அவள் அங்கே இல்லை. நீருக்கு இறங்கும் படிகளில் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்று காலைதான் பெற்றோர் கூட்டத்தில் டாக்டர் இதே விஷயத்தை அவர்களுக்கு விளக்கியிருந்தார் என்று எனக்குத் தெரியாது.

நெய்யாற்றின்கரைக்கு வரும் பஸ்ஸில் தம்பி ஜன்னலோரம் உறங்கிவிட்டான். அம்மா என் மடியிலிருந்த படத்தை வாங்கி விரித்துப் பார்த்தாள். ரிப்பனின் ஓரம் பிரிந்திருந்த இடத்தை விரலால் அழுத்தி ஒட்டினாள்.

“மக்கா, கொள்ளாம் கேட்டியா. நல்லா செய்திருக்கே. ஆனா வீட்டுல இத விரிக்காத.”

“என்னத்துக்கு?”

“அவியளுக்கு இது புரியாது.”

“நான் புரிய வைப்பேன்” என்றேன். புரியவைத்ததற்குத்தானே பரிசு வாங்கியிருந்தேன்.

நான்கு நாள் பொறுத்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் சித்தப்பா குடும்பமும் சாப்பிட வந்திருந்தது. மரச்சீனிக் கிழங்கும் இறைச்சியும் வெந்துகொண்டிருந்தது. தம்பி பதக்கத்தை மாட்டிக்கொண்டு, பென்சிலை ஊசியாக்கி, கையில் குத்துவதை ஒவ்வொருவருக்கும் நடித்துக் காட்டினான். அப்பா அவனைத் தூக்கி மடியில் வைத்து, “எனக்க மகன் டாக்டராக்கும்” என்றார். சித்தி அவனுக்கு முத்தம் கொடுத்தாள். நான் கதவருகே நின்றேன். என்னிடம் யாரும், நீ என்ன செய்தாய் என்று கேட்கவில்லை. உள்ளே போய்ப் படத்தை எடுத்துவந்து கூடத்தின் நடுவில் தரையில் விரித்தேன்.

“இது என்னது பிள்ளே?” என்றார் அத்தை.

“தம்பிக்கு நோவு எப்பிடி வந்துதுன்னு உள்ள படமாக்கும். எனக்குப் பரிசு கிட்டுச்சு.”

எல்லோரும் சுற்றி வந்து குனிந்தார்கள். மைக்கின் முன் சொன்னதைத் தமிழில் சொன்னேன். கையில் ஈர்க்குச்சி வைத்துக்கொண்டு, டீச்சர்மாதிரி. அத்தை கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அப்பாவின் ரிப்பனைத் தொட்டார்.

“அப்ப நம்ம பக்கத்துல ஒண்ணும் இல்ல?”

“இல்ல அத்தை. அப்பாக்கிட்டேந்து தம்பிக்கு வரவே வராது. அம்மைக்கிட்டேந்தாக்கும்.”

நல்ல செய்தி சொல்வதாக நினைத்தேன். அவர் அத்தனை நாள் பாவம் பாவம் என்று அழுதாரே, இனி அழவேண்டாம் அல்லவா. அத்தை நிமிர்ந்து, கண்ணை மூடி, “கர்த்தருக்கு ஸ்தோத்திரம்” என்றார்.

அம்மா சமையற்கட்டு வாசலில் இறைச்சிச் சட்டியைத் துணியால் பிடித்தபடி நின்றிருந்தாள். சட்டியின் சூடு துணியைத் தாண்டிக் கையில் ஏறியிருக்கவேண்டும். கீழே வைக்காமல் பேசினாள். “டாக்டரு வேற ஒண்ணும் சொன்னாரு. சிலருக்கு அம்மைக்கிட்டேந்தும் வராதாம். யாருகிட்டேந்தும் வராம அந்தப் பிள்ளையிலேயே புதுசா வருமாம். டெஸ்ட் செய்தாத்தான் தெரியும்னாரு.”

அத்தை படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “அது இதுல எங்க இருக்கு?”

நானும் பார்த்தேன். ஒவ்வொரு ரிப்பனாகப் பார்த்தேன். அந்த சேச்சி அதைச் சொல்லவில்லை. குழந்தைகளுக்கு எளிதாகப் புரியட்டும் என்று விட்டிருப்பாள்.

“இதுல இல்ல அத்தை” என்றேன்.

அம்மா சட்டியைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். எல்லோரும் சாப்பிட்டோம். கறி நன்றாக இருக்கிறதென்று சித்தப்பா சொன்னார்.

பெரிய சண்டை ஏதாவது நடந்திருந்தால் நினைவில் ஒரு நாளாக நின்றிருக்கும். அப்படி எதுவும் நடக்கவில்லை. அப்பா கை ஓங்கவில்லை, வெளியே போ என்று சொல்லவில்லை. பேச்சில் ஒரே ஒரு சொல் மாறியது. அதுவரை அவர் தம்பியை எனக்க மகன், நம்ம பிள்ளை என்பார். பிறகு முட்டு வீங்கும்போதெல்லாம், “உனக்க மகன் விளிக்கான், போய்ப் பாரு” என்றார். ஐஸ் வாங்க முன்பு அவரும் ஓடியிருக்கிறார். இப்போது நாளிதழை மடிக்காமல் உட்கார்ந்திருப்பார். அத்தை உபவாசத்தை நிறுத்தினார். உறவுக்காரர்கள் வந்தால் மேசை இழுப்பறையிலிருந்து என் படத்தை எடுத்து விரிப்பார். “பிள்ளை முகாமுல படிச்சிட்டு வந்ததாக்கும். நாங்க சும்மா எங்களையே குத்தம் சொல்லீட்டிருந்தோம். அவளுக்க அப்பன் வீட்டுக் கடப்புறத்து ரத்தம்லா” என்பார். அம்மாவின் மூத்த அண்ணன் பதினாறு வயதில் கடலில் மூழ்கிப் போனவர். அதற்கும் அவர்கள் ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள். மூக்கில் ரத்தம் வந்து மயங்கி விழுந்திருப்பான் என்றார்கள். அம்மா ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள், அலை வள்ளத்தைக் கவிழ்த்ததைப் பார்த்த நான்கு பேர் இன்றும் இருக்கிறார்கள் என்று. பிறகு சொல்லவில்லை.

மறு வருடம் தம்பிக்குத் தொடைக்குள் ரத்தம் கட்டி ஒரு மாதம் ஆசுபத்திரியில் கிடந்தான். அப்பா இரண்டு தடவை வந்தார். வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன அன்று அம்மா பாறசாலைக்கு வரவில்லை. தம்பியை எடுத்துக்கொண்டு நேராகக் கடற்கரைக்கு என் தாய்மாமன் வீட்டுக்குப் போனாள். ஒரு வாரம் கழித்து அவளுடைய துணிகளை இரண்டு பிக்‌ஷாப்பர் பைகளில் அடுக்கிய அத்தை, என் பெட்டியையும் எடுத்து வைக்கலாமா என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா சொன்னதை வார்த்தை மாறாமல் என்னால் சொல்லமுடியும்: “பெண்ணுக்கு ஒண்ணும் இல்லல்லா. அவ இங்க நிக்கட்டு.” நோயுள்ளவன் அவள் பங்கு, நோயில்லாதவள் இவர்கள் பங்கு என்று நான் வரைந்த படத்தின்படியே எங்களைப் பிரித்துக்கொண்டார்கள். நான் அழுதேனா? இல்லை. எனக்கு அந்த வீட்டில் தனி மேசை இருந்தது. முதன்முதலாக என் மதிப்பெண் பட்டியலை யாரோ முழுதாக வாசித்தார்கள். சில மாதம் அது பிடித்துக்கூட இருந்தது.

மாதத்தில் ஒரு ஞாயிறு நான் கடற்கரைக்குப் போவேன். அம்மா பள்ளிக்கூடத்தில் மதியச் சோறு ஆக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். கையில் எண்ணெய் தெறித்த புள்ளிகள். எனக்கு மீன் பொரித்து வைப்பாள், முடி சீவி விடுவாள், அப்பாவுக்குச் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று கேட்பாள். படத்தைப் பற்றி ஒரு சொல் பேசமாட்டாள். பதினேழு வயதில் நானாகத் தொடங்கினேன். நான் அன்றைக்கு அதை விரித்திருக்கக் கூடாது என்றேன். அவள் மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்னாள்: “நீ படிச்சதச் சொன்னே. நான் கேட்டதச் சொன்னேன். ரெண்டும் ஒரே எடத்துல வச்சுதான் சொன்னோம். அவியளுக்கு ஒண்ணுதான் காதுல விழுந்துது.”

கல்யாணப் பேச்சு வந்தபோதுதான் அந்த வீட்டுக்காரர்களுக்கு நான் வரைந்த இன்னொரு பொட்டு நினைவுக்கு வந்தது. மகளுடைய ரிப்பனில் இருந்தது. அத்தை இழுப்பறையிலிருந்து படத்தை எடுத்துக் கிழித்து அடுப்பில் போட்டார். தம்பி வெளியூரில் படிக்கிறான் என்று சொன்னால் போதும் என்று எனக்கு உத்தரவு. இரண்டு இடங்களில் நானே உண்மையைச் சொன்னேன், இரண்டும் நின்றுபோயின. பிறகு நான் வேலைபார்க்கும் பஞ்சாயத்து அலுவலகத்தில் உடன் வேலை செய்கிறவரையே கட்டிக்கொண்டேன். பிள்ளை பெறுவதற்கு முன் பரிசோதித்துப் பார்த்துவிடுவோம் என்று அவர் சொன்னார். திருவனந்தபுரத்தில் ஒரு மருத்துவமனையில் என் ரத்தம் மட்டும் போதாது, தம்பியுடையதும் அம்மாவுடையதும் வேண்டும் என்றார்கள். அம்மா மறுக்காமல் வந்து கையை நீட்டினாள்.

சில வாரங்கள் கழித்து அம்மாவும் தம்பியும் நானும் முடிவு கேட்கப் போனோம். தம்பியிடம் அந்தக் குறை எந்த இடத்தில் இருக்கிறதென்று கண்டுபிடித்திருந்தார்கள். என்னிடம் அது இல்லை. அம்மாவிடமும் இல்லை. “உங்களிடமிருந்து வந்ததாகத் தெரியவில்லை அம்மா. இவனிலேயே புதிதாக உண்டானது” என்று அந்தப் பெண் டாக்டர் மலையாளத்தில் நிதானமாகச் சொன்னாள். அம்மா தலையாட்டினாள். “அண்ணைக்கே ஒரு டாக்டரு சொன்னாரு” என்றாள், ஏதோ பஸ் நேரத்தை உறுதிசெய்துகொள்வதுபோல.

வெளியே நீளமான பெஞ்சில் உட்கார்ந்தோம். தம்பி டீ வாங்கப் போனான். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன். பதினைந்து வருடமாகச் சொல்லக் காத்திருந்ததை எல்லாம் சொன்னேன்: உன்மேல் எந்தத் தப்பும் இல்லை, இதோ எழுத்தில் இருக்கிறது. அவள் கையை விடுவித்துக்கொண்டாள்.

“இதுல ஆமான்னு வந்திருந்தா என்ன செய்திருப்பே மக்கா?”

அவளுடைய ரத்தத்தில் அது இருந்திருந்தால் அது அவள் செய்த குற்றமா? அவள் கேட்டு வாங்கியதா? இல்லை என்று எனக்குத் தெரியும், எப்போதும் தெரியும். ஆனாலும் இத்தனை வருடமும் என் மனதில் ஒரு மூலையில் நானும் அத்தையின் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்திருக்கிறேன், தீர்ப்பு வரட்டும் என்று. அம்மாவுக்கு அது எப்போதோ தெரிந்திருக்கிறது.

அவளிடம் சொல்லாமல் நான் பாறசாலைக்குப் போனேன். அப்பா ஓய்வு பெற்று வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தாளைக் கொடுத்து, ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். அவர் இரண்டு தடவை வாசித்தார். உதடு அசைந்தது. “அப்ப அவ சொன்னது செரிதான்” என்றார். உள்ளேயிருந்து, படுத்த படுக்கையாகிவிட்ட அத்தை, யாரு வந்தது என்று கேட்டார். “ஒண்ணும் இல்லக்கா, பிள்ளை வந்திருக்கா” என்று குரல் கொடுத்துவிட்டு அப்பா தாளை மடித்து என் கையில் திருப்பி வைத்தார். “இத நீயே கொண்டுபோ. இஞ்ச கிடந்தா அக்கா பாப்பா. இந்த வயசுல அவளுக்கு என்னத்துக்கு மனக்கஷ்டம்?”

அம்மாவின் மனக்கஷ்டத்தைப் பற்றி நான் கேட்டிருக்கவேண்டும். பஸ் ஏறியபின்தான் வார்த்தைகள் வந்தன.

தம்பி இப்போது அந்த முகாமில் சிறுவர்களுக்கு ஊசி போடக் கற்றுக்கொடுக்கிறான். வருடம் தவறாமல் போகிறான். வலதுகாலைக் கொஞ்சம் சாய்த்துத்தான் நடப்பான், ஆனால் அங்கே அவன் நடை வேறாக இருக்கிறது. இந்த மே மாதம், உடன்பிறந்தவர்கள் வகுப்பை நீ எடு என்று என்னைக் கேட்டான். மூன்று தடவை முடியாது என்றேன். நான்காவது தடவை, யாரோ ஒருத்தி ரிப்பனோடு போவாளே என்று தோன்றியது. போனேன். அந்த அறையில் இப்போது பெரிய திரை இருக்கிறது. ஒன்பது பிள்ளைகள். வரைந்து காட்டாமல் வாயால் சொன்னேன். சிலருக்கு அம்மாவிடமிருந்து வரும், சிலருக்கு யாரிடமிருந்தும் வராமல் வரும், எப்படி வந்தாலும் அதற்கு யாரும் காரணமில்லை என்று நான்கு விதமாகச் சொன்னேன். முடிந்ததும் பதினொரு வயதுப் பெண் ஒருத்தி எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள். ஒற்றசேகரமங்கலம் பக்கத்திலிருந்து அம்மாவோடும் தம்பியோடும் வந்தவள்.

“இத எங்கப்பாகிட்ட சொல்லுவியளா?” என்றாள். “சாயந்திரம் கூட்டிட்டுப் போக வருவாரு. நான் சொன்னா கேக்கமாட்டாரு.”

சொல்கிறேன் என்றேன்.

சாயந்திரம் அவர் ஜீப்பில் வந்தார். முன்கண்ணாடியில் சிலுவை தொங்கியது. எஞ்சினை நிறுத்தவில்லை. நான் ஜன்னலருகே போய் நின்று, யாரென்று சொல்லி, மரியாதையாகத்தான் பேசினேன். அவரும் மரியாதையாகக் கேட்டார்.

“டெஸ்ட் செய்தா தெரியும், இல்லியா?”

“தெரியும். உங்க மனைவிக்கும் மகளுக்கும் செய்யலாம்.”

“இவகிட்டேந்துதான்னு வந்தா?”

“வந்தாலும் அது அவங்க தப்பு இல்லைங்க.”

அவர் லேசாகச் சிரித்தார். “தப்புன்னு நான் எப்ப சொன்னேன் மேடம்?”

பின்கதவைத் திறந்து சிறுமியின் அம்மா மகனோடு ஏறினாள். மகனின் கட்டுப்போட்ட காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அவர் கண்ணாடி வழியாக அவளை ஒரு தடவை பார்த்தார். பின் இருக்கையில் இன்னும் இடம் இருந்தது. சிறுமி அம்மாவின் பக்கத்தில் ஏறுவதற்குக் காலைத் தூக்கினாள். “நீ முன்னால வா, மோளே” என்றார் அவர். அவள் தூக்கிய காலை இறக்கினாள். பிறகு சுற்றிவந்து அப்பாவுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். ஜீப் வளைவு திரும்பும்வரை அவள் நேரே முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.